காற்றும் சொல்லும்

காற்றுக்குத் திசை நோக்கிப் பெயரிட்டவர் நம் முன்னோர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இந்நான்கையும் மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்றை உணர்ந்திருப்பார்கள். இவை வெறும் அகராதிச் சொற்கள் அல்ல. வாடை என்ற அளவிலே குளிர் நினைவுக்கு வருகிறது; கொண்டல் என்ற அளவிலே மழை நினைவுக்கு வருகிறது. ஒன்றிற்குப் பெயரிடுதல் என்பது, அது வருமுன்னே அதனை அறிந்து ஆயத்தமாவதற்கு உரிய முதற்படியாகும்.

பெயர் இருந்தும் அதனை வாய்விட்டுச் சொல்லலாகாது என்று தடுத்துவிட்டால் நேர்வது யாது? இவ்வினாவுக்கு விடை தருவது போல அமைந்தது, 1925ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மூன்று மாநிலங்களைக் கடந்து சென்ற சுழற்காற்று. மிசௌரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்றையும் அது தாக்கியதால் மூன்று மாநிலச் சுழற்காற்று என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. அதில் மாண்டவர் 695 பேர். காயமுற்றவர் 2,000க்கும் மேற்பட்டவர். அழிந்த வீடுகள் ஏறத்தாழ 15,000. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும், அந்நாட்டில் ஒரே சுழற்காற்றினால் இத்தனை உயிர்கள் மாண்டதாக வேறு நிகழ்ச்சி இல்லை. இதற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது 1840இல் நாச்செஸ் நகரைத் தாக்கியது. அதில் மாண்டவர் 317 பேர். அதனினும் இருமடங்குக்கு மேலான இழப்பு 1925இல் நேர்ந்தது ஏன் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

புயல் வேறு, சுழற்காற்று வேறு

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் செய்தித்தாள்களில் புயல், சூறாவளி, சுழற்காற்று என்னும் சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்கக் காண்கிறோம். இலங்கைத் தமிழர் கடலில் தோன்றும் பெரும்புயலையே சூறாவளி என்பர். வேறு சிலர் அமெரிக்கச் சமவெளிகளில் எழும் சுழலுக்கு அப்பெயரை வழங்குவர். பெயர் மயங்கினால் பொருளும் மயங்கும்.

புயல் வெப்பக் கடலின்மேல் தோன்றுவது. நூற்றுக்கணக்கான மைல் அகலம் உடையது. பல நாள் நீடிப்பது. கரைக்கு வருமுன்னரே அதன் போக்கைப் பின்தொடர முடியும். ஆங்கிலத்தில் டொர்னாடோ எனப்படும் சுழற்காற்றோ இடிமேகத்தின் அடியிலிருந்து நிலத்தைத் தொடும் ஒரு காற்றுத் தூண். அதன் அகலம் சில நூறு அடிகளே இருக்கலாம். பெரியதாயின் ஒரு மைல் அளவும் இருக்கலாம். பெரும்பாலானவை சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஆனால் அச்சிறு பரப்புக்குள் அதன் விசைக்கு ஈடாக உலகில் வேறு காற்று இல்லை. மிகக் கடுமையானவற்றில் காற்றின் வேகம் மணிக்கு 200 மைலைக் கடந்துவிடும்.

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதி இதற்கு ஏற்ற களமாக அமைந்திருக்கிறது. தெற்கே மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று வருகிறது. மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வறண்ட காற்றும் குளிர்ந்த காற்றும் வருகின்றன. இடையே குறுக்கிடும் மலை இல்லை. இளவேனிற் காலத்தில் இவை சந்திக்கும்போது, கீழே உள்ள வெப்பக் காற்று விரைந்து மேலெழுந்து இடிமேகமாகிறது. தரையருகே காற்று ஒரு திசையிலும் ஒரு வேகத்திலும் செல்ல, உயரத்தில் அது வேறு திசையிலும் மிகுந்த வேகத்திலும் செல்லுமாயின், இடைப்பட்ட காற்று உருளை போலப் புரளத் தொடங்கும். இருகைகளுக்கிடையே ஒரு பென்சிலை வைத்து மேற்கையை முன்னே தள்ளினால் அது உருள்வதைக் காணலாம். அது போன்றதே இதுவும். படுத்த நிலையில் உருளும் அக்காற்றை மேலெழும் காற்று நிமிர்த்திவிடும்போது மேகமே சுழலத் தொடங்குகிறது. அச்சுழற்சி குறுகிக் குறுகி நிலத்தைத் தொடும்போது வேகம் பன்மடங்காகிறது. எல்லாச் சுழலும் மேகங்களும் சுழற்காற்றைப் பெற்றெடுப்பதில்லை. எது பெறும், எது பெறாது என்பது இன்றும் அறிஞர் ஆராய்ந்துவரும் வினாவாகவே இருக்கிறது.

மூன்றரை மணி நேரம்

1925 மார்ச் 18 ஒரு புதன்கிழமை. அன்றைய வானிலை முன்னறிவிப்பில் மழையும் காற்றும் சொல்லப்பட்டிருந்தன. சுழற்காற்று என்ற பேச்சே இல்லை. பிற்பகல் ஒரு மணி அளவில் மிசௌரி மாநிலத்தின் எலிங்டன் என்னும் ஊருக்கு அருகே அக்காற்று நிலத்தைத் தொட்டது. ஏறத்தாழ ஒன்றே கால் மணிக்கு அனாபொலிஸ் என்னும் சிற்றூரின் பெரும்பகுதியை அழித்தது. மிசௌரியில் குன்றும் காடும் மிகுதி, மக்கள் குறைவு. ஆதலின் அங்கே மாண்டவர் 11 பேர்.

மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இரண்டரை மணிக்கு இல்லினாய் மாநிலத்தின் கோரம் என்னும் ஊரை அது அடைந்தது. ஊர் ஏறத்தாழ முழுவதும் தரைமட்டமாயிற்று. ஊராரில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ போயினர். அடுத்துத் தாக்குண்டது மர்பிஸ்பரோ. இருப்புப்பாதைப் பணிமனைகள் இருந்த அந்நகரில் மட்டும் 234 பேர் மாண்டனர். இடிந்த வீடுகளில் தீயும் பற்றிக்கொண்டது. நீர் வழங்கும் அமைப்புப் பழுதுற்றதால் அதனை அணைப்பதும் அரிதாயிற்று.

அதற்கடுத்த டி சோட்டோ என்னும் ஊரில் பள்ளி நடந்துகொண்டிருந்த நேரம். கட்டடம் இடிந்து விழுந்ததில் மாணவர் 33 பேர் உயிரிழந்தனர். ஆசிரியர்களாகிய நாம் இவ்வரியை எளிதில் கடந்து செல்ல இயலாது. அக்குழந்தைகளை வெளியே விட்டிருந்தாலும் உள்ளே வைத்திருந்தாலும் முடிவு என்னவாகியிருக்கும் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுக்க ஒரு கணமேனும் அவர்களுடைய ஆசிரியர்களுக்குத் தரப்படவில்லை என்பது மட்டும் உறுதி.

வெஸ்ட் பிராங்போர்ட் நிலக்கரிச் சுரங்க ஊர். ஆடவர் பலர் ஏறத்தாழ 500 அடி ஆழத்தில் வேலை செய்துகொண்டிருந்தனர். மின்சாரம் நின்றுபோனது, மேலே ஏதோ நேர்ந்திருக்கிறது என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்தது. மேலே வந்து பார்த்தபோது, ஊரில் மாண்டவர்களிலும் காயமுற்றவர்களிலும் பலர் அவர்களுடைய மனைவியரும் மக்களுமாக இருந்தனர். நாள்தோறும் சுரங்கத்துக்குள் இறங்கும் கணவன் மாலையில் மீள்வானோ என்று அஞ்சி வாழ்வது அவ்வூர்ப் பெண்களின் வழக்கம். அன்று சுரங்கம் காத்தது; வீடு கைவிட்டது.

பாரிஷ் என்னும் சிற்றூர் அழிந்தது. பின்னர் அது பழைய நிலையை எய்தவே இல்லை. கோரம் முதல் பாரிஷ் வரையிலான நாற்பது நிமிட வழியில் மட்டும் 541 பேர் மாண்டனர் என்பது கணக்கு.

உழவர் கண்டதும் காணாததும்

பாரிஷைக் கடந்த பின் காற்றின் வழி முழுவதும் வயல்களும் தனித்தனிப் பண்ணை வீடுகளுமாகவே இருந்தது. நம் நாட்டுக் கிராமங்களைப் போல வீடுகள் அடுத்தடுத்து இருப்பதில்லை. ஒவ்வோர் உழவனும் தன் நிலத்தின் நடுவே வீடும் தொழுவமும் களஞ்சியமும் அமைத்து வாழ்வான். அண்டை வீடு அரை மைலுக்கு அப்பால் இருக்கும். அத்தகைய நாட்டுப்புறத்தில், ஊர் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாத வழியில், அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வபாஷ் ஆற்றைக் கடந்து இந்தியானாவுக்குள் புகுந்ததும் நாலு மணி அளவில் கிரிபின் என்னும் ஊரைத் துடைத்தெறிந்தது. கிரிபினுக்கும் பிரின்ஸ்டனுக்கும் இடையே ஏறத்தாழ 85 பண்ணைகள் அழிந்தன. நாலு மணி பதினெட்டு நிமிடத்துக்குப் பிரின்ஸ்டன் நகரின் பாதியை அழித்துவிட்டு, நாலரை மணி அளவில் பீட்டர்ஸ்பர்க் என்னும் ஊருக்கு அருகே மறைந்தது.

மொத்த வழி 219 மைல். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குச் சாலை வழியே வரும் தொலைவு என்று கொள்ளலாம். அவ்வளவு தூரமும் சென்றது ஒரே காற்றுத்தானா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. 2013இல் வெளியான ஒரு மறு ஆய்வு, தொடக்கப் பகுதி வேறொரு சுழற்காற்றாக இருந்திருக்கலாம் என்றும், 174 மைல் வரையேனும் இடையறாது சென்றது ஒரே காற்றாக இருத்தல் கூடும் என்றும் கண்டது. அவ்வாறு குறைத்துக் கொண்டாலும் அது வியத்தகு நீளமே.

உழவர் வானம் பார்த்து வாழ்பவர். மேகத்தின் நிறத்தைக் கண்டே மழையைச் சொல்லக்கூடியவர். அந்நாட்டு உழவர்க்குச் சுழற்காற்றும் புதியதன்று. யானையின் துதிக்கை போல மேகத்திலிருந்து தொங்கும் அதன் வடிவைக் கண்டால் நிலவறைக்குள் ஓடி ஒளிவர். ஆனால் அன்று பலரும் அந்த வடிவைக் காணவில்லை. மேகம் மிகத் தாழ்ந்திருந்தது. சுழலின் அகலம் முக்கால் மைல். சில இடங்களில் ஒரு மைல். மழையும் புழுதியும் சிதைந்த பொருள்களும் அதனைச் சூழ்ந்திருந்தன. தரையோடு புரண்டு வரும் கரிய மூடுபனி போலவே அது தோன்றிற்று. அறிந்த ஆபத்து அறியாத வேடத்தில் வந்தது.

அதன் வேகமோ சராசரி மணிக்கு 62 மைல். மிகுந்த இடத்தில் 73 மைல். நிமிடத்துக்கு ஒரு மைல் என்று கொள்க. இரண்டு மைல் தொலைவில் அதனைக் கண்டு ஐயுற்ற ஓர் உழவனுக்கு இருந்த காலம் இரண்டே நிமிடம். அதற்குள் வயலிலிருந்து வீட்டுக்கு ஓட வேண்டும். பிள்ளைகளைத் திரட்ட வேண்டும். நிலவறைக் கதவைத் திறக்க வேண்டும். ஓரிடத்தை அக்காற்றுக் கடந்து முடிக்க முக்கால் நிமிடமே போதுமானதாக இருந்தது.

சொல்லலாகாத சொல்

இனி, நம் வினாவுக்கு வருவோம். அனாபொலிஸ் அழிந்தபோது மணி ஏறத்தாழ ஒன்றே கால். கோரம் அழிந்தது இரண்டரைக்கு. கிரிபின் அழிந்தது நாலு மணிக்கு. முதல் ஊருக்கும் இரண்டாவதற்கும் இடையே ஒன்றே கால் மணி நேரம். கிரிபினுக்கோ இரண்டே முக்கால் மணி நேரம். தந்தி இருந்த காலம். தொலைபேசி இருந்த காலம். வானொலியும் தொடங்கிவிட்ட காலம். எனினும் காற்றை முந்திக்கொண்டு ஒரு சொல் ஓடவில்லை.

கம்பிகள் அறுந்தது ஒரு காரணம். அன்றைய அறிவியலின் குறை மற்றொரு காரணம். மூன்றாவது காரணமே நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. வானிலைத் துறையினர் தம் பொது முன்னறிவிப்பில் டொர்னாடோ என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்ற நிலை அப்போது நெடுங்காலமாக நிலவிவந்தது.

இதன் வரலாறு இது. அமெரிக்கப் படையின் சைகைத் தொடர்புப் பிரிவே முதலில் வானிலைப் பணியை நடத்திவந்தது. அதில் பணியாற்றிய ஜான் பார்க் பின்லி என்பவர் சுழற்காற்று நேர்ந்த இடங்களுக்கெல்லாம் சென்று செய்தி திரட்டினார். அவை எத்தகைய வானிலையில் தோன்றுகின்றன என்று ஆராய்ந்து, 1884இல் முன்னறியும் முயற்சியையும் மேற்கொண்டார். ஆனால் அப்பதத்தைக் கேட்ட மாத்திரத்தில் மக்கள் கலங்கி ஓடுவர், அக்கலக்கத்தால் வரும் கேடு காற்றால் வரும் கேட்டினும் பெரிதாகும் என்று மேலிடம் கருதியது. 1880களின் பிற்பகுதியில் அச்சொல்லுக்குத் தடை வந்தது. பின்னர் 1891இல் வானிலைப் பணியகம் தனித் துறையாக அமைந்தபோதும் அதே கொள்கை தொடர்ந்தது. 1938இல்தான் தடை நீங்கிற்று.

நடுநிலையோடு ஒன்று சொல்ல வேண்டும். அச்சொல் தடுக்கப்படாமல் இருந்திருந்தால் 695 பேரும் பிழைத்திருப்பர் என்று கூறுதல் பொருந்தாது. அன்று ரேடார் இல்லை. குறிப்பிட்ட ஊருக்குக் குறிப்பிட்ட மணியில் ஆபத்து வரும் என்று சொல்லும் திறன் எவரிடமும் இல்லை. ஆனால் சொல்லைத் தடுத்ததால் அச்சொல்லைச் சார்ந்து வளரவேண்டியவை யாவும் தடைப்பட்டன. முன்னறிவிப்பே செய்யலாகாது என்றால் அதற்கான ஆராய்ச்சியை ஊக்குவிப்பவர் யார்? எச்சரிக்கை வராது என்றால் அதனை ஊர்தோறும் கொண்டுசெல்லும் ஏற்பாட்டைச் செய்பவர் யார்? இத்தனைக்கும் இடையில் ஐம்பது ஆண்டு வீணாயிற்று. மக்கள் அஞ்சுவர் என்று அஞ்சியவர்கள், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதே அறிவு என்பதை மறந்தனர்.

சொல் மீண்ட பின்

தடை நீங்கிய பின் நிகழ்ந்த மாற்றம் விரைவானது. 1948 மார்ச் 20ஆம் நாள் ஓக்லஹோமா மாநிலத்தின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு சுழற்காற்று தாக்கிப் பல விமானங்களை நொறுக்கியது. அங்கிருந்த பாபுஷ், மில்லர் என்னும் இரு வானிலை அதிகாரிகள் அத்தகைய நாளின் வானிலையை ஆராய்ந்தனர். ஐந்து நாள் கழித்து, மார்ச் 25 அன்று, அதே நிலைமை மீண்டும் அமைந்திருப்பதைக் கண்டு துணிந்து முன்னறிவிப்பு வெளியிட்டனர். அன்று மாலையே மற்றொரு சுழற்காற்று அத்தளத்தைத் தாக்கியது. 1952இல் பொதுமக்களுக்கும் இத்தகைய முன்னறிவிப்புகள் வெளிவரத் தொடங்கின. 1953 ஏப்ரலில், 1925இன் பேரிழப்பைக் கண்ட அதே இல்லினாய் மாநிலத்தில், சுழற்காற்று மேகத்தின் கொக்கி போன்ற வடிவம் ரேடார்த் திரையில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. 1971இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜப்பானிய அறிஞர் தெத்சுயா புஜித்தா, விளைந்த சேதத்தைக் கொண்டு காற்றின் வலிமையை அளக்கும் படிநிலையை வகுத்தார். அதன்படி பின்னோக்கி மதிப்பிட்டபோது மூன்று மாநிலச் சுழற்காற்று உச்சநிலையாகிய ஐந்தாம் படியில் வைக்கப்பட்டது.

இவற்றின் பயன் யாது? 1953 ஜூன் 8ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகர்ப் பகுதியில் ஒரு சுழற்காற்றினால் 116 பேர் மாண்டனர். அதன்பின் ஐம்பத்தெட்டு ஆண்டுக்காலம் அந்நாட்டில் எந்த ஒரு சுழற்காற்றும் நூறு உயிர்களைக் கொள்ளவில்லை. மக்கள் பெருகினர், ஊர்கள் பெருகின, காற்றின் வலிமை குறையவில்லை. குறைந்தது சாவின் எண்ணிக்கையே. 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜோப்ளின் நகரில் அவ்வரம்பு உடைந்தது. 158 பேர் மாண்டனர். அன்று எச்சரிக்கை வந்தது. அபாயச் சங்கும் ஒலித்தது. ஆயினும் முன்னர்ப் பலமுறை கேட்டுப் பழகிய ஒலி என்று பொருட்படுத்தாது இருந்தவர் பலர். சொல் வருவது மட்டும் போதாது. கேட்பவர் செவியில் அது பொருளோடு விழ வேண்டும்.

அச்சொல் சென்று சேராத இடங்களும் உலகில் உண்டு. 1989 ஏப்ரல் 26 அன்று வங்காள தேசத்தின் மாணிக்கஞ்சு வட்டாரத்தில் தௌலத்பூர், சட்டூரியா ஆகிய இடங்களைத் தாக்கிய சுழற்காற்றில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். உலக அளவில் இதுவே பேரிழப்பாக எண்ணப்படுகிறது. அங்கும் மாண்டவர் பெரும்பாலும் நாட்டுப்புற மக்களே. தகரமும் மூங்கிலும் கொண்டு கட்டிய வீடுகளில் வாழ்ந்தவரே.

நமக்கு உரியது

நம் நாட்டில் இத்துணைக் கொடிய சுழற்காற்று எழுவதில்லை. எனினும் சிறியவை உண்டு. கெடா மாநிலத்தின் நெல்வயல் ஊர்களில் கூரைகளைப் பெயர்த்தெறியும் காற்றை மலாய் மக்கள் புத்திங் பெலியுங் என்பர். பெலியுங் என்பது மரஞ் செதுக்கும் வாய்ச்சி; புத்திங் என்பது பிடிக்குள் செருகப்படும் அதன் முனை. கீழே குறுகி மேலே விரிந்த வடிவை உழைப்பாளர் தம் கைக்கருவியில் கண்டு பெயரிட்டிருக்கின்றனர். சிங்கப்பூர்க் கடற்பகுதியில் நீரை மேலிழுப்பது போல எழும் நீர்த்தூண்களையும் அவ்வப்போது காண்கிறோம்.

வகுப்பறையில் தென்றலையும் வாடையையும் கற்பிக்கும்போது, புயலையும் சுழற்காற்றையும் வேறுபடுத்திக் கற்பித்தல் நம் கடன். புயல் எச்சரிக்கைக்கு உரிய செயல் வேறு. சுழற்காற்று எச்சரிக்கைக்கு உரிய செயல் வேறு. முன்னதற்கு ஊரைவிட்டுப் பெயர்ந்து செல்ல நாள்கள் உண்டு. பின்னதற்கு நிமிடங்களே உண்டு. சாளரங்களை விட்டு விலகி, கீழ்த்தளத்தில், கட்டடத்தின் நடுவே உள்ள சிற்றறையில் தலையைக் காத்து ஒடுங்குதலே வழி. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், கேட்கும் பிள்ளை எதைச் செய்யும்?

டி சோட்டோப் பள்ளியின் 33 மாணவர்க்கு அச்சொல்லைச் சொல்வார் எவரும் இல்லை. நம் மாணவர்க்கு நாம் இருக்கிறோம்.